திரையில் எழும் மதில்கள்



ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்று சிற்றில் பருவம். சிறுமியர் மணலில் வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் இரந்து நிற்கிறார்கள். எத்தனையோ புலவர்கள் இந்தக் காட்சியைப் பப்பத்துப் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள். அப்பாடல்களில் சிறுமியரின் குரல் மட்டுமே கேட்கும். சிறுவன் வாய் திறப்பதில்லை. ஆயினும் அவன் வராவிட்டால் பாட்டுக்கு இடமில்லை. கட்டுவோரும் இடிக்க வருவோரும் சேர்ந்தால்தான் அது விளையாட்டாகிறது என்பதைப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

கணிப்பொறித் திரையில் ஐரோப்பிய இடைக்காலக் கோட்டையொன்றை எழுப்பி, அதனுள் மக்களைக் குடியேற்றி, உணவு சேர்த்து, முற்றுகைக்கு எதிராகக் காக்கும் விளையாட்டுகள் அந்தச் சிற்றிலுக்குத் தூரத்து உறவு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றுக்கு ஆட்கள் குறையவில்லை. இலக்கிய வட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். மதிலை வளைப்பதற்கு உழிஞை, மதிலைக் காப்பதற்கு நொச்சி என்று இரண்டுக்கும் பூவின் பெயரிட்டுத் திணை வகுத்த மொழி இது. முற்றுகை கவிதைக்குரிய பொருளா என்ற ஐயம் தமிழில் எழ இடமில்லை. அதே பொருள் விளையாட்டாகும்போது எதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, எதைக் கைநழுவ விடுகிறது என்பதே இங்குப் பார்க்க வேண்டியது.

1990-இல் அட்டாரி நிறுவனம், காசு போட்டு ஆடும் பொறிகளுக்காக 'ராம்பார்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கோணலும் மாணலுமான மதில் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் கோட்டையைச் சுற்றி அடுக்க வேண்டும். அடுத்துப் பீரங்கிச் சண்டை. சண்டை ஓய்ந்ததும் உடைந்ததைச் செப்பனிடும் முறை. சுற்று எங்கேனும் ஓரிடத்தில் திறந்திருந்தால் அது மதிலாகவே கொள்ளப்படாது. வெண்பாவில் தளை தட்டினால் காது சொல்லிவிடும். இதில் ஒரு கட்டம் விட்டுப்போனால் ஆட்டமே முடிந்துவிடும். யாப்பில் பழகியவருக்கு இந்தப் பதற்றம் புதிதன்று. வருகிற சொல் எதுவோ அதைக் கொண்டுதான் அடியை நிரப்ப வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டே, 1991-இல், இன்டர்பிளே நிறுவனத்தின் 'காசில்ஸ்' வந்தது. இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டில் கட்டிய கோட்டைகளை மனத்தில் கொண்டு உருவானது அது. கொத்தர், தச்சர், கல்லுடைப்போர் ஆகியோரைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். சுவர் மெல்ல மெல்ல எழும். பாதி எழுந்த சுவரின் மீதே எதிரிகள் வந்து விழுவார்கள். இடையிடையே ஏதேனும் ஒரு வழக்கு வந்து நிற்கும். அதற்கு ஆடுபவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஓவியம் எளியது, அசைவு குறைவு. ஆயினும் கோட்டை கட்டுவது நாள் பிடிக்கும் வேலை என்ற உண்மை அதில் இருந்தது. பின்னால் வந்தவை அழகில் பன்மடங்கு உயர்ந்தும் இந்த ஒன்றைத் தவறவிட்டன.

இவ்வகையின் முழு மலர்ச்சி 2001-இல் வெளிவந்த 'ஸ்ட்ராங்ஹோல்ட்'. 1994-இல் வந்த 'லார்ட்ஸ் ஆஃப் தி ரெல்ம்' விளையாட்டில் பணியாற்றிய சைமன் பிராட்பரி முதலியோர் 1999-இல் தொடங்கிய ஃபயர்ஃபிளை ஸ்டூடியோஸ் இதனை உருவாக்கியது. மறு ஆண்டே சிலுவைப் போர்க் களத்தைக் கொண்ட 'ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடர்' வந்தது. மூல விளையாட்டு 2023-இலும், குருசேடர் 2025-இலும் மெருகேற்றப்பட்டு மீண்டும் வெளியாயின. இருபதாண்டு கழித்தும் அதே ஆட்டத்தை மக்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்றால் அதன் கவர்ச்சி வெறும் புதுமையில் இருந்திருக்க முடியாது.

அந்த ஆட்டத்தின் முதற் காட்சியைச் சற்றே நின்று பார்க்கலாம். தலைவனின் வீட்டுக்கு முன்னால் தீ மூட்டியிருக்கிறது. வேலையற்ற குடியானவர்கள் அதைச் சுற்றிக் குளிர் காய்கிறார்கள். ஆடுபவர் காட்டோரமாக ஒரு மரவெட்டியின் குடிலை வைக்கிறார். தீயருகில் இருந்தவர்களில் ஒருவன் எழுந்து அதை நோக்கி நடக்கிறான். சற்று நேரத்தில் அவன் தோளில் கோடரி. மரம் சாய்கிறது; அறுத்த பலகையைச் சுமந்து வந்து சரக்குக் களத்தில் அடுக்குகிறான். இன்னொருவன் ஆப்பிள் தோட்டத்துக்குப் போகிறான். கல் வெட்டும் இடத்திலிருந்து காளைகள் கல்லை இழுத்து வருகின்றன. எவனும் திரைக்குப் பின்னால் மறைந்து வேலை செய்வதில்லை. ஒரு ரொட்டி உண்டாவதற்கு எத்தனை பேர் நடக்க வேண்டும் என்பதை முழுவதும் காணலாம்: உழவன் கோதுமையை அறுத்துக் கொண்டுவந்து களத்தில் சேர்க்கிறான், காற்றாலையின் பையன்கள் ஓடிவந்து அதை அள்ளிச் சென்று அரைத்து மாவாகத் திருப்பித் தருகிறார்கள், ரொட்டி சுடுபவன் மாவை எடுத்துப் போகிறான், சுட்ட ரொட்டி களஞ்சியத்துக்குப் போகிறது. ஆலை தொலைவில் இருந்தால் பையன்களின் ஓட்டம் கூடும், ரொட்டி குறையும். இந்த எளிய உண்மைக்காகவே கட்டிய ஆலையை இடித்து அருகில் மீண்டும் கட்டும் ஆட்கள் உண்டு.

மக்களின் ஆதரவு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாகக் காட்டப்படுகிறது. ஐம்பதுக்கு மேல் இருந்தால் புதியவர் வந்து தீயருகில் அமர்வர். ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் இருப்பவர் வெளியேறுவர். படியளப்பைப் பாதியாக்கலாம், இரட்டிப்பாக்கலாம், அறவே நிறுத்தலாம். வரியை ஏற்றலாம், வரிக்கு மாறாகக் கையில் காசு கொடுத்தும் மக்களை மகிழ்விக்கலாம். மதுக்கடை திறந்தால் எண் ஏறும். உணவில் வகை கூடினால் ஏறும். எல்லாவற்றையும் விட நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. ஊருக்குள் பூந்தோட்டம் முதலியவற்றை அமைத்தால் மக்கள் மகிழ்வார்கள், வேலை குறையும். தூக்குமரமும் வதைக் கருவிகளும் நாட்டினால் மக்கள் வெறுப்பார்கள், ஆனால் வேலை பெருகும். அஞ்சி உழைக்கும் ஊரின் வீரர்கள் போரில் தளர்வார்கள். மகிழ்ந்திருக்கும் ஊரின் வீரர்கள் உறுதியாக நிற்பார்கள். கொடுங்கோன்மை, செங்கோன்மை என்று குறள் இரண்டு அதிகாரங்களில் எதிரெதிரே நிறுத்தியதை இந்த விளையாட்டு ஒரே துலாக்கோலில் வைக்கிறது. ஆடுபவர் எவ்வளவு நல்லவராயினும், கல் போதாத ஒரு மாலைப் பொழுதில் ஒரேயொரு தூக்குமரம் நட்டால் என்ன என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்ப்பார். அந்த ஒரு கணம்தான் இந்த விளையாட்டின் மிகக் கூர்மையான இடம்.

எலி, பாம்பு, பன்றி, ஓநாய் என்று நான்கு பகைத் தலைவர்கள் அந்தக் கதையில் வருகிறார்கள். அவர்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பஞ்சதந்திரம் படித்தவருக்குப் பெயரே போதும்.

இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது? போரில் என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்தில் போர் நடப்பது சில நிமிடம். மற்றதெல்லாம் வீட்டு வேலை. களஞ்சியத்தில் எத்தனை நாளைக்கு உணவு, எந்தக் குடிலில் ஆள் இல்லை, மழைக்கு முன் கூரை வேய்வதுபோல எந்தச் சுவரை முதலில் எழுப்புவது என்ற எண்ணங்களே மனத்தை நிறைக்கின்றன. அலுவலகத்தில் நாள் முழுதும் உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர் தம் உழைப்பு எங்கே போய் எதுவாக ஆனது என்பதைக் கண்ணால் காண்பதில்லை. அவர் உண்ணும் ரொட்டியின் கோதுமை எந்த வயலில் விளைந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. திரையிலோ வயல், ஆலை, அடுப்பு, களஞ்சியம் நான்கும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. ஊர் முழுவதும் கைக்குள் இருக்கிறது. வலிமையைவிடவும் இந்தத் தெளிவுதான் பலரை நள்ளிரவு வரை உட்கார வைக்கிறது என்று தோன்றுகிறது. போரே இல்லாத பொருளாதார ஆட்டமும், எதிரியின்றி விருப்பம்போல் கட்டிக்கொண்டிருக்கும் வழியும் அதே விளையாட்டுக்குள் தரப்பட்டிருப்பது இதற்குச் சான்று.

ஆயினும் எதிரியே இல்லாமல் கட்டிக்கொண்டிருப்பவருக்கும் ஒரு கட்டத்தில் கை ஓய்ந்துவிடுகிறது. கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அகழி வெட்டியாயிற்று. ஞாயில்களின் பின்னே வில்லாளர் நிற்கிறார்கள். கொதிக்கும் எண்ணெய் தயார். இந்த எண்ணெய்க் கொப்பரையை அயல்நாட்டுக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். மதுரை மதிலின் பொறிகளைச் சிலப்பதிகார அடைக்கலக் காதை வரிசைப்படுத்தும்போது அங்கும் கொதிகலங்கள் இருக்கின்றன. இவ்வளவும் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. பகைவன் வரக் கூடாது என்று கட்டிய மதில், பகைவன் வந்தால்தான் நல்ல மதிலா என்று தெரியும். வரவேண்டும், வரக் கூடாது என்ற இரண்டு விருப்பமும் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. அடிவானத்தில் கொடி தெரிந்ததும் ஆடுபவருக்கு உண்டாகும் படபடப்பில் மகிழ்ச்சியும் கலந்தே இருக்கிறது. சிற்றில் கட்டிய சிறுமியர் இரந்து நிற்கும்போதே தெருமுனையைப் பார்த்துக்கொண்டும் இருந்திருப்பார்களோ என்னவோ.

இனி உண்மையான கோட்டை ஒன்றைப் பார்க்கலாம். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் போமாரிஸ் கோட்டை 1295-இல் தொடங்கப்பட்டது. வேல்ஸ் மக்களின் கிளர்ச்சியை அடக்கிய கையோடு எட்வர்டு மன்னன் அதைக் கட்டத் தலைப்பட்டான். தலைமைக் கட்டடக் கலைஞர் புனித ஜார்ஜின் ஜேம்ஸ் என்பவர். வேல்ஸில் எட்வர்டின் பெருங்கோட்டைகள் பலவற்றை முன்னின்று கட்டியவர். 1296 பிப்ரவரியில் அவரும் உடனிருந்த அலுவலரும் அரசின் கருவூலத்துக்கு அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. கொத்தர் 400 பேர், சிற்றாட்கள் 2,000 பேர், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லரும் தச்சரும், 100 வண்டி, 60 பெருவண்டி, கல்லும் நிலக்கரியும் ஏற்றிவர 30 படகு என்று கணக்கு ஓடுகிறது. வாரம் ஒன்றுக்கு 250 பவுண்டு வேண்டும் என்கிறார்கள். கூலி நெடுநாளாக நிலுவையில் இருக்கிறது, ஆட்கள் உண்ண வழியின்றி இருக்கிறார்கள், அவர்களை நிறுத்தி வைப்பது அரிதாக இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். முடித்த கடிதத்தின் அடியில், பணத்தை விரைந்து அனுப்பாவிட்டால் இதுவரை செய்த வேலை அத்தனையும் வீண் என்று மீண்டும் ஒரு முறை மன்றாடுகிறார்கள். சரக்கிருப்பும் ஆட்கணக்குமாக அந்தக் கடிதம், ஸ்ட்ராங்ஹோல்ட் திரையின் ஓரத்தில் கணக்கர் சொல்லும் செய்திபோலவே இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: பணம் வரவில்லை. மன்னனின் கவனம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பிவிட்டது. வேலை நின்றும் தொடர்ந்தும் 1330 அளவில் ஓய்ந்துபோயிற்று. வடிவ ஒழுங்கில் பிரித்தானியாவிலேயே மிகச் சிறந்தது என்று பலரும் போற்றும் அக்கோட்டையின் கோபுரங்கள் தங்கள் முழு உயரத்தை எட்டவே இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. போமாரிஸ் எழுந்த இடத்துக்கு அருகில் லன்வைஸ் என்று வேல்ஸ் மக்கள் வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. வாணிகம் செழித்த துறைமுக ஊர். புதிய கோட்டைக்கும் அதைச் சார்ந்த ஆங்கிலேயக் குடியிருப்புக்கும் இடமும் வாணிகமும் வேண்டியிருந்தமையால் அவ்வூர் மக்கள் தீவின் மறுகோடிக்கு அகற்றப்பட்டார்கள். அவர்களுக்கென அமைக்கப்பட்ட ஊருக்குப் புதிய ஊர் என்றே பெயர். விளையாட்டுத் திரை திறக்கும்போது நிலம் எப்போதும் காலியாக இருக்கிறது. புல்லும் மரமும் மானும் மட்டும். யாரும் அங்கே முன்பு இருந்ததில்லை. கோட்டை கட்டும் விளையாட்டுகள் சொல்லும் பொய்களுள் ஓசையே இல்லாத பொய் இது.

இவ்வாறு சொல்வதனால் உண்மைக் கோட்டைகள் விளையாட்டுக்கு முற்றிலும் அப்பாற்பட்டவை என்று எண்ணிவிடலாகாது. எட்வர்டின் கெர்நார்வன் கோட்டைக்குப் பலகோணக் கோபுரங்களும், நிறம் மாறி மாறி வரும் கல்வரிசைகளும் உண்டு. கான்ஸ்டான்டினோப்பிளின் பெருமதிலை நினைவூட்டவே அவ்வாறு கட்டினர் என்று கருதும் ஆய்வாளர் உளர். காவலுக்கு வண்ணக் கல் தேவையில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தின் போடியம் கோட்டை இன்னும் வெளிப்படையானது. பிரெஞ்சுக்காரர் படையெடுப்புக்கு அஞ்சி என்று சொல்லி 1385-இல் அதற்கு அரச அனுமதி பெறப்பட்டது. ஏரிபோல் அகன்ற நீர், நடுவில் கோபுரங்கள், நீரில் அவற்றின் நிழல். ஆனால் அகழியின் கரையை வெட்டினால் நீர் முழுவதையும் வடித்துவிடலாம். அது போருக்கான கோட்டையா, கோட்டை வேடமிட்ட மாளிகையா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறார்கள். தேவையில்லாத இடத்தில் அழகுக்காக ஒரு கோபுரம் வைத்துப் பார்க்கும் இன்றைய ஆட்டக்காரரைக் கண்டு போடியத்தின் தலைவர் முகம் சுளித்திருக்க மாட்டார்.

முற்றுகைக்கு வருவோம். 1215-இல் இங்கிலாந்து மன்னன் ஜான், தன்னை எதிர்த்த பிரபுக்கள் பிடித்துவைத்திருந்த ராசெஸ்டர் கோட்டையை வளைத்தான். அதன் நடுக்கோபுரம் எறிபொறிகளுக்கு மசியவில்லை. கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேற்சுமையை மரத்தூண்களால் தாங்க வைத்தார்கள். உணவுக்கு ஆகாத, மிகக் கொழுத்த பன்றிகள் 40 அனுப்புமாறு மன்னனின் ஆணை போயிற்று. அவற்றின் கொழுப்பால் மூட்டிய தீயில் தூண்கள் எரிந்தன, மூலை சரிந்தது. ஸ்ட்ராங்ஹோல்டில் இந்தச் சுரங்கக்காரர்கள் தனி வகுப்பாகவே இருக்கிறார்கள். மண்ணுக்குள் மறைந்து போய், சற்று நேரத்தில் மதில் சரிவதைக் காணலாம். பன்றிக் கொழுப்பு மட்டும் இல்லை.

சேன் ஆற்றின் கரையில் பாறை மேல் நிற்கும் ஷாத்தோ கையார் வேறு வகைக் கதை. அரிமா நெஞ்சன் ரிச்சர்டு 1196 முதல் 1198 வரை இரண்டே ஆண்டில் அதைக் கட்டி முடித்தான். அவன் மாண்டபின், பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பு 1203-இல் அதை வளைத்தான். அடிவாரத்து ஊரின் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கலம் தேடிக் கோட்டைக்குள் புகுந்தார்கள். காவல் தலைவன் ரோஜர் டி லேசி களஞ்சியத்தைக் கணக்கிட்டான். போரிட இயலாத வாய்களுக்கும் உணவிட்டால் கோட்டை நாள் தாங்காது. எனவே முதியவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் பகுதி பகுதியாக வெளியே அனுப்பினான். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போக விட்டது. மன்னன் பிலிப்புக்குச் செய்தி எட்டியதும் இனி ஒருவரையும் விடக் கூடாது என்று ஆணையிட்டான். உள்ளே வாய்கள் மிகுந்தால் கோட்டை விரைவில் பணியும் என்பது அவன் கணக்கு. எஞ்சியவர்கள் திரும்பி வந்தபோது கோட்டைக் கதவு மூடியிருந்தது. மதிலுக்கும் முற்றுகை வரிசைக்கும் இடையே, பாறைச் சரிவில், அந்தக் குளிர்காலத்தைப் புல்லையும் பூண்டையும் தின்று கழித்தார்கள். பெரும்பாலோர் மடிந்தபின் பிலிப்பு மனம் இளகி உணவளித்து வழி விட்டான். 1204 மார்ச்சில் கோட்டை வீழ்ந்தது.

இதைப் பதிந்து வைத்தவர் பிரெத்தானிய வில்லியம். பிலிப்பு மன்னனின் அரண்மனைக் குருவாக இருந்தவர். மன்னன் புகழைப் பாட இலத்தீன் மொழியில் 'பிலிப்பிது' என்ற நெடுங்காப்பியம் செய்தவர். வென்றவன் பக்கத்துப் புலவர். இருந்தும் மதிலுக்கும் படைக்கும் இடையே கிடந்தவர்களைத் தம் காப்பியத்துக்குள் அவர் கொண்டுவந்தார். தன் அரசன் முதலில் இட்ட ஆணையும் அதனால் அங்கே பதிவாகிவிட்டது.

தமிழில் கோவூர் கிழாரும் இதே இடத்தில் நின்றவர். நலங்கிள்ளி வளைத்திருந்த ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைத்துக் கிடந்தபோது அவனை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அவர் மதிலின் உயரத்தைப் பேசவில்லை. கவளம் பெறாத யானைகள், பாலில்லாமல் அலறும் குழந்தைகள், பூவின்றி வெறுந்தலை முடியும் மகளிர், நீரில்லாத வீடுகளின் புலம்பல் ஆகியவற்றையே பேசுகிறார். அறவழி வேண்டுமானால் இது உனதாகுக என்று கதவைத் திற, மறவழி வேண்டுமானால் போரிடத் திற, இரண்டும் இன்றிக் கதவடைத்து மதிலின் ஒரு பக்கம் ஒடுங்கிக் கிடப்பது நாணத் தக்கது என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறார். களஞ்சியக் கணக்கு அந்தப் பாட்டிலும் இருக்கிறது. அது எண்ணாக இல்லாமல் ஓசையாக இருக்கிறது.

ஸ்ட்ராங்ஹோல்டில் களஞ்சியம் காலியானால் என்ன நடக்கிறது? கணக்கர் எச்சரிப்பார். ஆதரவு எண் இறங்கும். ஐம்பதைக் கடந்து கீழே போனதும் குடியானவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். பசியால் ஒருவனும் அங்கே விழுவதில்லை. போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். எங்கே போகிறார்கள் என்று ஆட்டம் சொல்வதில்லை, ஆடுபவரும் கேட்பதில்லை. முற்றுகையின் இயல்பே எவரும் வெளியேற முடியாது என்பதுதான். ஷாத்தோ கையாரின் சரிவில் கிடந்தவர்களுக்கு மறைவதற்குத் திரையின் விளிம்பு இல்லை. எறிபொறியையும் சுரங்கத்தையும் அகழியையும் அத்தனை நுணுக்கமாகச் செய்தவர்கள் இந்த ஒன்றை விட்டது மறதியால் இருக்காது. பசித்த குழந்தையின் அழுகை கேட்கும் ஆட்டத்தை எவரும் நள்ளிரவு வரை ஆட மாட்டார்கள். விளையாட்டுக்கு அந்த எல்லை வேண்டும். பல்லாங்குழியில் குழி வெறுமையானால் யாரும் பஞ்சம் என்று வருந்துவதில்லை. அதே சமயம், வரியையும் படியளப்பையும் ஒரு தள்ளில் மாற்றும் கைக்கு, எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் எத்தனை விரைவில் மறைந்துபோகிறார் என்பதும் இங்கேதான் தெரிகிறது. ரோஜர் டி லேசியும் ஓர் எண்ணைப் பார்த்துத்தான் கதவைத் திறந்தான், பிறகு மூடினான்.

அண்மையில் வந்த 'மேனர் லார்ட்ஸ்' இந்த வகையைச் சற்றே வேறு திசையில் நகர்த்தியிருக்கிறது. போலந்து நாட்டவர் ஒருவர் பெரும்பாலும் தனியாகவே பல ஆண்டு உழைத்துச் செய்தது. முற்றுப்பெறாத நிலையிலேயே 2024 ஏப்ரல் 26 அன்று விற்பனைக்கு வந்து, முதல் நாளிலேயே பத்து இலட்சம் படிகள் விற்றது. கோட்டையைவிட அதில் ஊர் பெரிது. காளை ஒவ்வொரு மரமாக இழுத்து வரவேண்டும்; வந்தபின்தான் வீட்டின் சட்டம் எழும். வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி போடலாம், கோழி வளர்க்கலாம். போருக்குப் போகிறவர்களும் அந்த வீட்டு ஆண்கள்தான். அவர்கள் திரும்பாவிட்டால் வயலில் ஆள் இருக்காது. 1991-இன் பழைய விளையாட்டு அறிந்திருந்த தாமதம் இதில் திரும்பி வந்திருக்கிறது. இதைத்தான் மக்கள் ஆவலோடு வாங்கினார்கள் என்பது வேகத்தையே கவர்ச்சி என்று நம்பியிருந்தவர்களுக்கு வியப்பாக இருந்திருக்கும்.

அந்தத் தாமதத்தை மெய்யாகவே ஆடுபவர்களும் உளர். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கெதெலோன் என்ற இடத்தில் 1997 முதல் ஒரு கோட்டை கட்டப்பட்டு வருகிறது. 13ஆம் நூற்றாண்டின் கருவிகள், அக்காலத்து முறைகள் மட்டுமே. கல் அங்கேயே வெட்டப்படுகிறது. மரம் சுற்றியுள்ள காட்டிலிருந்து வருகிறது. பாரம் தூக்கும் பெருஞ்சக்கரத்தை மனிதர் உள்ளே நடந்து சுழற்றுகிறார்கள். கட்டத் தொடங்கிய ஆண்டு 1228 என்று ஒரு கற்பனைக் கணக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முற்றுகையிடப் போகிறவர் எவருமில்லை; பார்க்க வருவோரின் நுழைவுக் கட்டணத்தில் கொத்தருக்குக் கூலி கிடைக்கிறது. 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தின் கூரை எரிந்தபோது, வாளால் அறுக்காமல் கோடரியால் கருவாலி மரத்தைச் செதுக்கி உத்தரம் செய்யத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கெதெலோனில் கைபழகிய தச்சர் சிலரும் அந்தப் பணியில் சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

திரைக்குள் அப்படியொரு செப்பனிடும் காலம் அமைவது அரிது. ஸ்ட்ராங்ஹோல்டின் போர்க்கதையில் பகைத் தலைவன் வீழ்ந்ததும் வெற்றி அறிவிப்பு வந்துவிடும். சரிந்த மதில் சரிந்தபடி, கலைந்த வயல் கலைந்தபடி நிற்க, அடுத்த நிலத்துக்கு அழைப்பு வரும். ராசெஸ்டரில் அடுத்த மன்னனின் காலத்தில் இடிந்த மூலையை மீண்டும் எழுப்பினார்கள். பழைய மூன்று மூலைகளும் சதுரமாகவே இருக்க, அந்த ஒன்றை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள். அடியில் தோண்டுவோருக்கு வட்டம் அத்தனை எளிதில் இடம் கொடுப்பதில்லை. எண்ணூறு ஆண்டு கழித்து அங்கே போகிறவர் எவரும், எந்த மூலை விழுந்தது என்பதைக் கீழே நின்றபடியே கண்டுகொள்ளலாம்.